குடமும் குழியும்

உலகிற்கு ஒரு கருத்தா உண்டென நாட்டுதற்கு நம் சந்தானாசாரியர்கள் எடுத்தாண்ட உவமை குயவனும் குடமுமாம். குடத்திற்கு மண் முதற்காரணம்; தண்ட சக்கரங்கள் துணைக்காரணம்; குயவன் நிமித்தகாரணம். அவ்வாறே உலகிற்கு மாயை முதற்காரணம், இறைவனது சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணன் என்பது சிவஞானசித்தியார் சுபக்கத்து முதற்சூத்திரம் பயின்றார் யாவரும் அறிந்ததே. இதனை யாம் நாற்பதியாண்டுக்கு மேலாக மாணாக்கர்க்கு விரித்துரைத்து வந்துளேம். உலகாயதன் எழுப்புந் தடையையும், மாயாவாதி எழுப்புந் தடையையும், அவற்றிற்கு விடையையும் உறக்கத்தில் எழுப்பிக் கேட்பினும் பிழையாது சொல்லுவேம். ஆயினும் குயவனது மண் எங்கிருந்து வந்ததென்று யாம் ஒருநாளும் வினவியதிலேம்; வினவுதற்கு இடமுண்டென்று கருதியதுமிலேம்.

சென்ற திங்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பம்மலில் எம் இல்லத்துத் திண்ணையில் வழக்கம்போற் பாடம் நடந்துகொண்டிருந்தது. அன்பர் அறுவர் இருந்தனர். அவருள் இளையவர், கல்லுடைத்துப் பிழைத்த குடியிற் பிறந்தவர், கையிலிருந்த நூலை மடித்துவைத்து, "ஐயா, ஓர் ஐயம். குடம் வனைய மண்ணெடுத்த இடத்திலே ஒரு குழி விழுந்திருக்குமே. அந்தக் குழி மூன்று காரணங்களில் எதிலே அடங்கும்?" என்றார். ஏனையோர் நகைத்தனர். யாமும் முறுவலித்து, "உவமை ஒருபுடை ஒப்புமையே; எல்லாவற்றானும் ஒப்பிக்கலாகாது" என்று சொல்லி மேலே சென்றேம். அவரும் வணங்கி அமைந்தார். அன்றிரவு எமக்கு உறக்கம் வந்திலது. தருக்க நூலின்படி எம் விடையிற் குற்றமில்லை. ஆனால் விடை கூறப்பட்டது அவ்வினாவிற்கன்று. அதனை யாமும் அறிவேம், அவரும் அறிவார்.

பம்மலை அறியாத அன்பர்க்குச் சிறிது கூறுதல் வேண்டும். பம்மல் என்றவுடன் நாடகத்தமிழ் வளர்த்த சம்பந்த முதலியாரே பலர்க்கு நினைவு வருவர். சித்தாந்த அன்பர்க்கோ, அடுத்துள்ள பல்லாவரத்தில் 1911 முதல் 1950-இல் மறையுந்துணையும் உறைந்த மறைமலையடிகளார் நினைவு வரும். இவ்விருவர்க்கும் நெடுங்காலம் முற்பட்டது இப்பகுதியின் கல். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை, பம்மல் என்னும் இவ்விடங்களிற் காணப்படுங் கருநீலக் கல்லைப் பூதத்துவ நூலார் சார்னோக்கைட்டு என்பர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பான் கல்லறைமேல் இட்ட கல் இவ்வினத்ததாதல் கண்டு, 1893-இல் ஹாலந்து என்பவர் அப்பெயரைச் சூட்டினார். இக்கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு முதுமையுடையது என்ப. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் பழங்கற்கால மனிதன் செதுக்கிய கற்கருவியொன்றைக் கண்டெடுத்ததும் இப்பல்லாவரத்திலேயாம். நிலத்தினின்று ஒன்றை எடுத்து, அதனைத் தன் கருத்திற்கேற்ப வேறாக்கிக்கொள்ளுந் தொழிலை மனிதன் இம்மண்ணில் எத்துணைக் காலமாகச் செய்துவருகின்றான் என்பதற்கு அக்கருவி ஒரு சான்று.

அந்நாளில் எடுத்தது கையளவு. பின்னாளில் வெடிமருந்தும் பொறியும் வந்தன. சென்னை மாநகர் பருத்தது, குன்றுகள் மெலிந்தன, குன்றிருந்த சில இடங்களிற் பெருங்குழிகள் உளவாயின. மழைக்காலத்து அவற்றில் நீர் நிற்கும். பார்வைக்குப் பசுநீலமாய் அழகிதே. அதில் நீராடப் புகுந்து மீளாத சிறுவரைப் பற்றிய செய்தியும் இடையிடையே செவிப்படும். எனினும் அக்குழிகளை முற்றும் பழித்தல் எம்மால் இயலாது. 2017-ஆம் ஆண்டு வறட்சியில் மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கைவிடப்பட்ட கற்குழிகளின் நீரையே தூய்மைசெய்து சென்னைக்கு வழங்கினர். அந்நீரை யாமும் பருகியிருத்தல் கூடும். எம் இல்லத்தின் அடிப்படைக் கல் இக்குன்றுகளினது. எம் மாணாக்கர் உண்டு வளர்ந்த சோறும் இக்குன்றுகளினது. ஆதலால் அவர் வினாவியது பிறரைக் குற்றஞ்சாட்டும் வினா அன்று. தம்மையும் எம்மையும் உட்படுத்திய வினா.

அடுத்த வெள்ளிக்கிழமை அவ்வன்பர் சில படங்களைக் கொணர்ந்து காட்டினார். பெனிதா பெர்சியல் என்னும் அம்மையார் ஆக்கிய உருவங்களின் படங்கள் அவை. அவ்வம்மையார் 1978-இல் திருவண்ணாமலையிற் பிறந்து, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியிற் பயின்றவர். பல்வகைப் பொருள்களைக் கலந்து ஓருருவாக்கும் இக்காலக் கலைமுறையினர். கல்லும் வெண்கலமும் அவர்க்கு வேண்டப்படுவனவல்ல. மரப்பட்டைத் தூள், விதைகள், சாம்பிராணி, வெள்ளைப்போளம், இலவங்கப்பட்டை, கிராம்பு முதலியவற்றைப் பிசைந்து உருச்செய்கின்றார். 2014 திசம்பரில் தொடங்கிய கொச்சி முசிறிக் கலைவிழாவில், கிறித்து சமயத்தார் போற்றும் பெரியோர் உருவங்களை இம்மணப்பொருள்களால் ஆக்கி வைத்தார். அவற்றுட் சில உறுப்புக் குறைந்தன. பழங்கோயில் இடிபாட்டினின்று எடுத்தன போல்வன. யாம் கொச்சிக்குச் சென்றிலேம். ஆதலின் அவ்வுருவங்களிற் பெரும்பகுதியாகிய மணம் எமக்குக் கிட்டிற்றிலது. படத்தால் அறிந்த அளவே கூறுகின்றாம்.

பிற சமயத்தார் உருவங்களைப் பற்றிச் சித்தாந்த இதழில் எழுதுவானேன் என்று சிலர் புருவம் நெரிக்கலாம். எம்மை ஈர்த்தது உருவமன்று, பொருள். பிசினும் பட்டைத்தூளுங் கலந்து செய்தது வெப்பத்தில் நெகிழும், உலர்ச்சியில் வெடிக்கும், நாட்பட நிறமும் மணமும் மாறும். செய்தவர் எண்ணியபடியே நில்லாது. கல்லிற் செதுக்குவோன் பொருளை அடக்கியாள்கின்றான்; இவரோ பொருளுக்குத் தனக்கென ஒரு காலமும் போக்கும் உண்டென ஒப்பி, அதற்கு இடங்கொடுத்துச் செய்கின்றார். குங்கிலியம் எரிந்து போவதற்கென்றே பிறந்த பொருள். அதனால் ஓர் உருச் செய்தல், இன்னும் ஏற்றப்படாத புகைக்கு ஓர் உருக்கொடுத்தலேயன்றோ? திருக்கடவூர்க் கலயனாரை நினையாமல் இருக்க எம்மால் முடிந்திலது. மனைவியார் நெல்வாங்கக் கொடுத்த தாலியை, எதிர்ப்பட்ட வணிகன் குங்கிலியப் பொதிக்குக் கொடுத்த பெருமானாரன்றோ அவர்! நெல்லாயின் மக்கள் உண்பர். குங்கிலியமோ ஒருபொழுதிற் புகையாய்ப் போம். போவதையே விலைகொடுத்துக் கொண்டார். அவர் கொண்டது பொருளையன்று, பொருளை விடும் உரிமையை என்று இப்பொழுது எமக்குத் தோன்றுகின்றது.

இனி, மடாலயங்களிற் பயின்ற பெரியோர் எழுப்பக்கூடிய தடை ஒன்றுண்டு. மாயை மும்மலத்துள் ஒன்று. அதன் காரியமாகிய தனு கரண புவன போகங்கள் பாசம். பாசத்தை விடுக என்பதே நூற்றுணிபாக, மலையையும் மண்ணையும் பேணுக என்பது பாசத்தைப் பேணுக என்பதாய் முடியாதோ எனின், கூறுதும். விலங்கென்னும் பொதுமையான் மாயையும் பாசமே. எனினும் ஆணவத்தோடு அதனை ஒருநிறையில் வைத்தெண்ணுதல் ஆகாது. ஆணவம் அறிவை மறைப்பது. மாயை அம்மறைப்பிற் சிறிது நீக்கி, அறிவை ஒருவாறு விளக்குவது. பொழுது புலருங்காறும் இருளில் உதவும் விளக்கே மாயையின் காரியம் என்பது உமாபதிசிவனார் காட்டிய உவமை. புலர்ந்தபின் விளக்கு வேண்டாமை உண்மையே. ஆயின், இன்னும் புலரவில்லை. புலர்ந்தார் ஒருசிலர் தம் விளக்கை வைத்துவிட்டுப் போகலாம். இருளில் இருப்பார் விளக்கை உடைத்தற்கு அவர்க்கும் உரிமையில்லை. இதனினும் நுட்பம் ஒன்று. அவ்விளக்கு நாம் ஈட்டியதன்று. உயிர்கள்மாட்டு வைத்த கருணையினால் இறைவன் மாயையினின்று தோற்றுவித்துத் தந்தது. இரவல் பெற்ற விளக்கை, ‘இது சடந்தானே’ என்று உடைப்பவன் துறவியாகான், தந்தவனை மதியாதவனாவான். நிலத்தை வெறுத்தல் வேறு, நிலத்திற் பற்றறுத்தல் வேறு. வெறுப்பும் ஒருவகைப் பற்றே.

மற்றொரு பக்கத்தினின்று வருந் தடையும் உண்டு. இக்காலக் கலைஞரும் அவர்தங் கலையைப் பாராட்டுவாரும், மனிதனும் இயற்கையும் ஒன்று என்று அடிக்கடி கூறுகின்றனர். கேட்க இனிதாயிருத்தலின் எவரும் மறுப்பதில்லை. நாம் மறுத்தல் வேண்டும். இயற்கை என்னும் இச்சொல் இன்று இரண்டு வேறு பொருள்களை ஒரு மூட்டையாகக் கட்டுகின்றது. குன்று சடம். குன்றின்மேல் நிற்கும் மரம் உயிர்; ஓரறிவேயாயினும் நம்மைப்போல வினைக்கீடாக உடலெடுத்துவந்த பசு. குழிநீரில் திரியும் மீனும் அவ்வாறே. இவ்விரண்டும் வேறு வேறாகலின், அவற்றின்மாட்டு நாம் ஒழுகும் முறையும் வேறாதல் வேண்டும். கல் நோவறியாது, கல்லை உடைக்குங்கால் அதனைச் சார்ந்துவாழும் உயிர்கள் நோவறியும். அன்றியும், எல்லாம் ஒன்றேயாயின் கடப்பாடு எங்ஙனம் பிறக்கும்? கடன்பட்டவனும் கடன்கொடுத்தவனும் ஒருவனாயின் கடனே இல்லையன்றோ? குன்றும் நானும் ஒன்று என்பவன், குன்றைத் தகர்க்கும்போது என்னையே தகர்த்துக்கொள்கின்றேன், உனக்கென்ன என்று கூறிவிடலாம். வேற்றுமை உண்டென்று கொண்டவனுக்கே கடமை உண்டு. நம் நூல்கள் இறைவனை உலகுயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்பவன் என்றது இதுபற்றியே பயன்படுகின்றது. நிலம், நீர், தீ, வளி, விசும்பு, ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டும் அவற்குத் திருமேனி என்னும்போது, அவையே அவன் சொரூபம் என்று கூறினேமல்லேம். அவன் உடைமை, அவன் உடனாய் நிற்குமிடம் என்றேம். உடையவன் ஒருவன் உளனாகவே, கல் நோவறியாதாயினும் கல்லைப்பற்றிய கணக்கு ஒருவனிடத்து உண்டாகின்றது.

இப்பொழுது குழிக்கு வருவாம். உவமை எங்கே ஒவ்வாது போகின்றதென்று ஆராய்ந்த இடத்து எமக்கு ஒன்று புலப்பட்டது. இறைவன் மாயையினின்று உலகைத் தோற்றுவிக்கின்றான், நிறுத்துகின்றான், பின் தோன்றிய முறைக்கு மறுதலையாக மாயையிலேயே ஒடுக்குகின்றான். உள்ளது போகாது, இல்லது வாராது என்னும் சற்காரியவாதத்தின்படி முதற்பொருள் எள்ளளவுங் குறைவதில்லை. அவன் வனைந்த குடத்திற்குக் குழியில்லை. மனிதக் குயவன் வனைந்ததற்கே குழி உண்டு. ஏனெனின் அவன் எடுத்தலை அறிந்தான், ஒடுக்கலை அறிந்திலன். எனவே மாணாக்கர் கேட்ட குழி மூன்று காரணத்துள் எதனினும் அடங்காது. இறைவன் செயலுக்கும் நம் செயலுக்கும் உள்ள வேற்றுமையின் அளவே அக்குழி. இவ்விடையை அன்றே கூறியிருப்பேமாயின் திண்ணையில் நகைப்பு எழுந்திராது.

நம் வழிபாட்டு முறையிலேயே இதனை அறிந்து செய்த சான்றோர் இருந்தனர் என்பதும் அப்பொழுதுதான் உறைத்தது. ஆகமங்கள் கணிகலிங்கம் என்று ஒன்று கூறும். மணல், அரிசி, அன்னம், ஆற்றுமண், கோமயம், வெண்ணெய், சந்தனம், பூமாலை முதலியவற்றுள் ஒன்றால் அப்பொழுதைக்கென்று உருச்செய்து, ஆவாகித்து, பூசித்து, முடிவில் விட்டுவிடுவது. மண்ணியாற்றங்கரையில் விசாரசருமர் மணலாற் குவித்தது அத்தகையது. அதுவே அவரைச் சண்டீசராக்கியது. கம்பையாற்றங்கரையில் அம்மை மணலாற் செய்தது ஏகம்பத்தில் இன்றும் நிலைத்துநின்று, நீராட்டுப்பெறாத மண்ணுருவாகவே பூசைகொள்கின்றது. நாடோறும் விடியலில் நம் இல்லத்து மகளிர் அரிசிமாவால் இடுங் கோலமும் எறும்புக்கு உணவாய் மாலைக்குள் மறைவது. எடுத்தது திரும்பிப் போய்விடுகின்றது. அம்மையார் குங்கிலியத்தாற் செய்தவற்றைப் புதுமை என்று இன்றையோர் வியக்கின்றனர்; எமக்கோ அவை மறந்த வீட்டு வழக்கொன்றை அயலார் நினைவூட்டியது போன்றிருந்தன.

மறந்தமைக்குச் சான்று வேண்டின் ஆவணிச் சதுர்த்தியைப் பாருங்கள். குளத்துக் களிமண்ணாற் பிடித்து, அக்குளத்திலேயே விடப்பட்ட பிள்ளையார், சுண்ணச்சாந்தாலும் இரசாயன வண்ணத்தாலும் மலைபோல் எழுந்து, கடலிற் கரையாது கிடந்தார். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் அத்தகைய சாந்துருவங்களை விலக்கி விதி வகுத்தது. அரசினர் விதி வகுக்குமுன் நாம் ஆகமவிதியை நினைந்திருத்தல் வேண்டும். நினைந்திலேம். இஃது எம் போன்ற பண்டிதர் வெட்குதற்குரியது. மணலிங்கத்தைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசினேமேயன்றி, மண் ஏன் என்று ஒருவருக்குஞ் சொல்லிற்றிலேம்.

இங்ஙனங் கூறியதுகொண்டு, கரைவதே நன்று, நிற்பது தீது என்று யாம் துணிந்ததாகக் கொள்ளற்க. கருங்கற் கோயில்கள் ஆயிரமாண்டு நிற்கின்றன. அவற்றை இழிப்பதற்கு எமக்கு நாவில்லை. குங்கிலியத்துக்கும் குழி உண்டு. மரப்பட்டையை வெட்டிப் புண்செய்து, அப்புண்ணிற் கசிவதை உலர்த்தி எடுப்பதே சாம்பிராணி. எத்தியோப்பியா முதலிய நாடுகளில் அப்பிசின் தரும் மரக்காடுகளில் இளங்கன்றுகள் வளர்ந்தெழாமையின், இருபது ஆண்டுகளில் விளைவு பாதியாகக் குறையக்கூடும் என்று 2019-இல் ஆராய்ச்சியாளர் எழுதினர். அம்மையார் பிசைந்த பிசினுக்கும், யாம் மாலைதோறும் தணலில் இடும் பிசினுக்கும் இவ்வெச்சரிக்கை பொதுவே. ஆகலின் கரையும் பொருளாற் செய்தேன், என் கை தூயது என்று எவரும் இறுமாக்க இடமில்லை. மேலும், இக்காலக் கலைஞர் தம் பெயரை ஆக்கத்தோடு பிரியாது நிறுத்துவது எமக்குச் சிறிது உறுத்துகின்றது. பொருள் கரையும், பெயர் கரைவதில்லை! ஆயின், இக்கட்டுரையின் கீழ் எம் பெயரும் அச்சாகும் என்பது நினைவுவரவே, இதனை இவ்வளவோடு நிறுத்துகின்றாம்.

கல்லைப் பற்றி எமக்கிருந்த தடுமாற்றம் ஒருவாறு தெளிந்தது பல்லாவரத்துக் குன்றிலேயாம். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குடைவரை ஒன்றுண்டு. அவன் விருதுப்பெயர்கள் அதன்கண் வெட்டப்பட்டுள்ளன. பின்னாளில் அஃது இசுலாமியர் வழிபாட்டிடமாயிற்று. நாவரசரால் நம் சமயம் புகுந்தான் என்று போற்றப்படும் அவ்வரசன், மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் கோயில் எடுத்தேன் என்று கல்லிற் பொறித்தவன். பல பொருளைக் கலந்து செய்யும் இக்காலக் கலைக்கு அவன் செயல் நேர் மறுதலை. ஒன்றும் கலந்தானல்லன், குன்றினின்று வேண்டாததை நீக்கினான். சென்ற ஞாயிறன்று அதன் வாயிலருகே நின்றபோது, இதுவும் ஒரு குழியன்றோ என்னும் எண்ணம் எழுந்தது. குன்றைக் குடைந்த குழியே அது. குழியைப் புறத்தே விட்டுக் குடத்தை மட்டும் எடுத்துப்போகும் தொழிலன்று அது. குழிதானே அங்குக் குடமாயிற்று. உள்ளே புகுந்தார்க்கு நிழலும் அமைதியுந் தந்து ஏறத்தாழ 1400 ஆண்டாக இருக்கின்றது. அதே இனத்துக் கல், அதே மனிதன், அதே உளி. சிறிது தொலைவில் உள்ள மற்றக் குழியில் எவரும் குனிந்து வணங்குவதில்லை. வேலியிட்டு, இறங்காதீர் என்று பலகை வைத்திருக்கின்றனர். இரண்டுக்கும் வேற்றுமை யாது? எடுத்தவன் எடுத்தபின் அவ்விடத்தே நின்றானா, போய்விட்டானா என்பதே எமக்குத் தோன்றுகின்றது. அநகாபுத்தூரில் வாழைநாரையும் கற்றாழைநாரையும் நூலோடு கலந்து புடைவை நெய்யும் தறிகாரரை வழியிற் கண்டு பேசினேம். குலை தள்ளியபின் வெட்டி எறியும் மட்டையினின்றே நார் எடுக்கின்றனர். அவர்க்குச் சித்தாந்தம் யாம் சொல்லவேண்டியதில்லை.

இவையனைத்தையும் அடுத்த பாடத்தில் அவ்வன்பரிடம் கூறினேம். அன்று நகைத்தவரும் உடனிருந்தனர். அன்பர் பொறுமையாகக் கேட்டிருந்து, "ஐயா, அப்பா முப்பது வருஷம் அந்தக் குழிக்குள்ளேதான் நின்றார். எடுத்தவர்கள் போய்விட்டார்கள், அவர் அங்கேயே நின்றார். நின்றவருக்குக் கல் சொந்தமில்லை. இதற்கு என்ன சொல்வீர்கள்?" என்றார். யாம் உடனே விடையிறுக்கவில்லை. இம்முறை உவமை ஒருபுடை ஒப்புமை என்றுங் கூறவில்லை. வருகின்ற வெள்ளிக்கிழமை அம்முதியவரையும் உடன் அழைத்து வருவதாக அவர் சொல்லிச் சென்றிருக்கின்றார். முதியவர்க்குக் கீழே அமர முழங்கால் இடங்கொடாதாம். திண்ணையில் ஒரு நாற்காலி இடச் சொல்லியிருக்கின்றாம்.